படிக்க இடம், படுக்க இடம்

கலந்தாய்வு முடிந்து சேர்க்கைச் சீட்டோடு வெளியே வரும் மாணவரையும் கூடவே வந்த அப்பாவையும் ஜூன் மாதத்தில் எந்த அரசுக் கல்லூரி வாசலிலும் பார்க்கலாம். கேட்ட பாடப்பிரிவு கிடைத்த மகிழ்ச்சி வாசல் மரத்தடிவரைதான் நிற்கிறது. அங்கே உட்கார்ந்ததும் அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது. ஊரிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு? ஆஸ்டல் சீட் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அறை வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்? பக்கத்தில் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு அந்தச் சீட்டில் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யாரென்பதும் அவர்களுக்குத் தெரியாது.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. அப்போது நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்கு நாம் தற்செயலாக வந்துவிடவில்லை. இடஒதுக்கீடு, மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகள், இலவசப் பேருந்து அட்டை, முதல் பட்டதாரி சலுகை என்று பல தலைமுறைகள் போட்ட படிகளில் ஏறித்தான் வந்திருக்கிறோம். ஆனால் உள்ளே வந்த பிள்ளை இரவில் எங்கே தலைசாய்ப்பான், மதியம் எதைச் சாப்பிடுவாள் என்ற கணக்கை இன்னும் குடும்பத்தின் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறோம். படிக்க இடம் கொடுத்த அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் படுக்க இடமும் சாப்பாடும் உறுதிசெய்யும் கடமை உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அது கருணையால் தருவதாக இருக்கக்கூடாது, கல்வியின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். இந்த மண்ணின் கல்வி வரலாறும் அதைத்தான் சொல்கிறது.

சத்திரமும் பந்தியும்

தங்க இடமும் சோறும் கொடுத்துப் படிக்கவைப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களோடு மாணவர்களும் உண்டு, தங்கி, படித்தார்கள். நிலத்தின் வருமானம் அன்னதானத்துக்குப் போனது. அன்னதானத்தின் நிழலில் பள்ளிக்கூடம் நடந்தது. சோற்றையும் எழுத்தையும் ஒரே அறக்கட்டளையின் செலவாக அந்தக் கணக்குப்பிள்ளைகள் எழுதிவைத்தார்கள்.

ஆனால் யாருக்குச் சோறு என்ற கேள்வி அன்றே இருந்தது. ஒரத்தநாடு, ராஜாமடம் போன்ற இடங்களின் மாணவர் விடுதிகள் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று நெடுங்காலம் இருந்தன. நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த காலத்தில் அவற்றைப் பிற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிடப் பாடுபட்டார். பள்ளிக்கூடத்தில் உட்கார உரிமை கிடைத்த பிறகும் விடுதிக்குள் நுழையத் தனியாக ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

இதே கேள்வியை நாடறியச் செய்தது சேரன்மாதேவி. தாமிரபரணிக் கரையில் வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் பிராமண மாணவர்கள் தனியாக உண்டார்கள். அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வழியாக இந்தச் செய்தி வெளியே வந்தது. காங்கிரஸ் நிதியில் நடக்கும் இடத்தில் இப்படி ஒரு வேறுபாடா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925வரை நீண்ட அந்தச் சர்ச்சை தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்வுகளில் ஒன்றானது. குருகுலத்தின் பாடத்திட்டத்தைப் பற்றி அன்று எவரும் பெரிதாகச் சண்டையிடவில்லை. பந்தியைப் பற்றித்தான் சண்டையிட்டார்கள். வகுப்பில் சொல்லித்தரும் சமத்துவம் உண்மையா பொய்யா என்பது சாப்பாட்டு வரிசையில் தெரிந்துவிடும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

ஒடுக்கப்பட்டோர் பக்கமிருந்து எழுந்த முயற்சிகள் இன்னும் தெளிவானவை. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஊருக்குள் தங்க இடம் கிடைக்காத, கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளி மட்டும் திறந்தால் போதாது என்று அவர் அறிந்திருந்தார். சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் தொடங்கி, பின்னாளில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கைக்கு வந்த விடுதிகளும் இந்த அறிவிலிருந்தே பிறந்தவை. சைதாப்பேட்டையிலுள்ள கல்லூரி மாணவர் விடுதி ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்பதற்கு இந்த வரலாறே காரணம்.

சிதம்பரத்திலேயே இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே சட்டத்தில் வகுக்கப்பட்டது. ஆனால் அதன் பிறகு பெருகிய நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இணைப்புக் கல்லூரிகளாக வளர்ந்தன. பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும், கல்லூரி வகுப்பு நடத்தும். மாணவர் எங்கே தங்குகிறார் என்பது இரண்டின் ஏட்டிலும் ஏறாமல் போனது. இன்றைய சிக்கலின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஐம்பது ரூபாயும் ஐந்நூறு ரூபாயும்

2025 ஜூலையில் தமிழ்நாட்டின் நலத்துறை விடுதிகள் அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டப்பட்டது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்டதையும், அதன்பின் நீதிபதி கே. சந்துரு குழு அளித்த பரிந்துரைகளையும் நினைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்மாற்றத்தின் மதிப்பு புரியும். சாதிப் பெயர் தாங்கிய பலகையின் கீழே நடந்து வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கூச்சத்தை அனுபவித்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்போது வெளியான கணக்கின்படி 2,739 விடுதிகளில் 1,79,568 மாணவர்கள் தங்கியிருந்தார்கள். பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்ந்த எண்ணிக்கை இது. வகுத்துப் பார்த்தால் விடுதிக்குச் சராசரியாக 66 பேர். இந்தியாவில் இவ்வளவு பரவலான விடுதி வலையைக் கட்டிய மாநிலங்கள் குறைவு. இந்தப் பரவலுக்கு ஒரு விலையும் உண்டு. சிறு சிறு விடுதிகளாகச் சிதறியிருப்பதால் ஒவ்வொன்றிலும் காப்பாளர், சமையலர், காவலர் என்று முழு ஆட்களை வைப்பது கடினமாகிறது. ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் இடங்களும், காவலர் இல்லாத இடங்களும் இப்படித்தான் உண்டாகின்றன.

இனி உணவுக் கணக்கு. இந்த விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுத் தொகை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக 2023-இல் உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் மாதத்துக்கு 1,500 என்றால் நாளைக்கு 50 ரூபாய், வேளைக்கு 17 ரூபாய்க்கும் கீழே. அரிசிச் செலவை ஒதுக்கிவிட்டாலும் பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை, இறைச்சி, பால் என்று பத்தொன்பது வயது உடம்புக்கு வேண்டியதையெல்லாம் அதற்குள் அடக்க முடியாது. தக்காளி விலை ஏறும் மாதத்தில் சாம்பார் நீர்த்துப்போவது சமையலரின் குற்றமல்ல. தொகையை நிர்ணயித்தவர்கள் சந்தைக்குப் போகவில்லை என்பதே காரணம்.

மத்திய அரசின் பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையைப் பார்ப்போம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கிடைக்கும். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். போன்ற பட்டப்படிப்புகளில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. மாதம் 500 ரூபாய். வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கு 3,000. விடுதியில் தங்குவதால் ஒரு மாணவருக்குக் கூடுதலாக ஆகும் செலவு மாதம் 250 ரூபாய் என்று அரசு ஏடு கருதுகிறது. இந்த மதிப்பீட்டின்படி எந்த ஊரிலும் ஒரு படுக்கை கிடைக்காது.

மாநில அரசின் புதுமைப்பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தவர்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் நேராகப் போய்ச் சேர்கிறது. பல பெண்களின் படிப்பு நிற்காமல் இருக்க இது கைகொடுத்திருக்கிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் இந்தப் பணம் உதவும். வாடகைக்கு உதவாது. அதைத் தங்குமிடத்துக்கு மாற்றாகக் கருதினால் திட்டத்துக்கே அநீதி செய்கிறோம்.

இன்னொரு முரணும் நம் கண்முன் இருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த மாநிலம் இது. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. முதல் பேருந்தைப் பிடிக்க விடியற்காலையில் சாப்பிடாமல் புறப்பட்டு, மதியம் ஒரு டீயோடும் பன்னோடும் வகுப்பில் உட்காரும் கல்லூரி மாணவருக்கு அந்தப் பசி பதினாறு வயதில் தீர்ந்துபோவதில்லை.

வாடகை அறையின் சட்டங்கள்

அரசு விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இடம் கிடைத்த நண்பனின் அறையில் ‘கெஸ்ட்’டாக ஒண்டிக்கொள்வது. ஏட்டில் இரண்டு பேர் உள்ள அறையில் நான்கு பேர் படுப்பது இப்படித்தான். கழிவறைகளும் தண்ணீர்த் தொட்டியும் ஏட்டுக் கணக்குக்குக் கட்டியவை என்பதால் விடுதி மொத்தமும் நாறிப்போகிறது. இரண்டாவது, நாள்தோறும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்வருவது. படியில் தொங்கும் மாணவரைத் திட்டும் நாம், அவர் ஏன் அந்தப் பேருந்தை விட முடியாமல் இருக்கிறார் என்று கேட்பதில்லை. மூன்றாவது வழி, தனியார் விடுதியும் வாடகை அறையும்.

அறை தேடும் மாணவர் முதலில் மோதுவது ‘பேச்சிலருக்குக் கிடையாது’ என்ற பதிலில். அடுத்து, என்ன ஊர், என்ன ஆட்கள், கறி சமைப்பீர்களா என்ற விசாரணை. கேள்வி சுற்றி வளைத்து வந்தாலும் தெரிந்துகொள்ள விரும்புவது சாதியையும் மதத்தையும்தான். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்து படிப்பவர்களுக்கு இந்த விசாரணை இன்னும் நீளம். அதையும் தாண்டினால் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. எழுதிக்கொள்ளாதவரை என்ற சொல்லில்தான் மாணவர் தோற்றுப்போகிறார். அறை வேண்டியவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்.

தனியார் விடுதிகளுக்கென்று தமிழகத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 2014-இல் பொள்ளாச்சியில் விடுதிச் சிறுமியர் மீது நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பதிவும் உரிமமும் இல்லாமல் மகளிர் விடுதி நடத்தக்கூடாது. ஆனால் ஆண் மாணவர்கள் தங்கும் தனியார் விடுதிகள் இதன் வரம்புக்குள் வரவில்லை. ஒரு அறையில் எத்தனை கட்டில் போடலாம், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று அங்கே கேட்க ஆளில்லை.

ஆனாலும் குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு அண்மைய சான்று ஜிஎஸ்டி. 2023-இல் பெங்களூருவில் வந்த ஒரு தீர்ப்பாணை, விடுதிக் கட்டணத்துக்கு 12 விழுக்காடு வரி உண்டு என்றது. தமிழ்நாட்டு மகளிர் விடுதி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவியரும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதி அறை அவர்களுக்குக் குடியிருப்பே, அதற்கு வரி கூடாது என்றது. அதே ஆண்டு ஜூன் 22-இல் கூடிய 53ஆவது ஜிஎஸ்டி மன்றம், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்வரை, தொடர்ந்து 90 நாள் தங்குவோருக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. விடுதி ஓட்டலல்ல, ஒரு வீடு என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

பூட்டிய கதவு

வீடு என்று ஒப்புக்கொண்ட பிறகும் மகளிர் விடுதியின் கதவு மாலையிலேயே பூட்டிக்கொள்கிறது. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கும். மாணவி ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஆய்வகத்தில் சோதனை பாதியில் நிற்கும். போட்டித் தேர்வுப் பயிற்சி, நாடக ஒத்திகை, விளையாட்டு எல்லாம் அந்த மணிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். ஒரே கட்டணம் கட்டிய ஆண் மாணவருக்கு அந்தத் தடை இல்லை. பாதுகாப்பு என்ற நல்ல சொல்லால் கல்வியின் ஒரு பகுதி பெண்ணிடமிருந்து கழிக்கப்படுகிறது.

இதை எதிர்த்து 2015-இல் டெல்லியில் மாணவியர் ‘பிஞ்ச்ரா தோட்’ என்ற பெயரில் திரண்டார்கள். கூண்டை உடை என்பது அதன் பொருள். கேரளத்தில் கல்லூரி மாணவி ஒருவர், விடுதியில் மாலை நேரத்தில் கைப்பேசியைப் பறிப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் கொண்டுவந்த வழக்கு, நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பானது.

விடுதி என்னும் அதிகாரம்

விடுதி ஒரு மாணவரைக் காக்கவும் முடியும், நொறுக்கவும் முடியும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன். நாவரசு, கல்லூரி விடுதியில் மூத்த மாணவரின் ராகிங் கொடுமைக்குப் பலியானார். தமிழகம் அதிர்ந்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளை வகுத்தது. இன்று சேர்க்கையின்போது பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் இப்படிப்பட்ட சாவுகளிலிருந்து வந்தது.

மறுமுனையில் ரோகித் வெமுலா. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் அவரையும் இன்னும் நான்கு தலித் ஆய்வு மாணவர்களையும் விடுதியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கிவைத்தது. 2016 ஜனவரிக் குளிரில் அவர்கள் வளாகத்திலேயே கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அந்த இடத்துக்கு வெளிவாடா, அதாவது ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரி, என்று பெயர் வைத்தார்கள். ரோகித்துக்கு வரவேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகையும் நின்றிருந்தது. ஜனவரி 17-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். படிப்பிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. படுக்கையைப் பறித்தார்கள், பணத்தை நிறுத்தினார்கள். ஏழை மாணவருக்கு அந்த இரண்டும் போனால் படிப்பு என்று சொல்ல என்ன மிச்சமிருக்கும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. ஆலோசகர் கட்டாயம் வேண்டும். அதோடு, மாதக் கடைசியில் மெஸ் பாக்கிக்காக அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதப்படும் மாணவரின் துயரத்துக்கு மருந்து பேச்சில் மட்டும் இல்லை என்பதையும் நிர்வாகங்கள் உணர வேண்டும். உதவித்தொகை உரிய மாதத்தில் வருவதும் மனநலத் திட்டம்தான்.

கேட்பது எப்படி

மாணவர்கள் கேட்காமல் இருந்ததில்லை. குடிநீர் வரவில்லை, சோற்றில் புழு, கூரை பெயர்ந்து விழுகிறது என்று தட்டோடு சாலையில் உட்காரும் மறியல் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அது முடியும் விதமும் நமக்குப் பழகிவிட்டது. வட்டாட்சியர் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், காப்பாளர் மாற்றப்படுவார், ஒரு வாரம் சாப்பாடு நன்றாக இருக்கும். மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார், குறை அங்கேயே இருக்கும். கோரிக்கைக்கு நினைவாற்றல் இல்லாததே இதன் பலவீனம்.

2019-இல் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய போராட்டம் இந்த இடத்தில் பாடம் சொல்கிறது. தனியறை வாடகையை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆகவும், இருவர் அறையை 10 ரூபாயிலிருந்து 300 ஆகவும் உயர்த்தி, 1,700 ரூபாய் சேவைக் கட்டணமும் சேர்க்க நிர்வாகம் முடிவெடுத்தது. பல பத்தாண்டுகளாகக் கட்டணம் ஏறவில்லை, செலவைத் தாங்க முடியவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. மாணவர்கள் தங்கள் பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையையே எடுத்துவைத்தார்கள்: அங்கே படிப்பவர்களில் 40 விழுக்காட்டினரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் கீழ். 2020 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் பழைய விடுதிக் கட்டணத்திலேயே பதிவு செய்ய இடைக்கால அனுமதி தந்தது. முழக்கத்தோடு கணக்கும் சேர்ந்ததால் கிடைத்த பலன் அது.

நம் மாணவர்களின் கையிலும் கருவிகள் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விடுதிச் சமையலறைக்கும் பதிவோ உரிமமோ தேவை. அதைச் சுவரில் பார்க்கக் கேட்கலாம். கொள்முதல் பட்டியலையும் பராமரிப்புச் செலவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறலாம். திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் எழுத்துமூலம் மனு கொடுத்து எண் வாங்கலாம். ‘டிவைடிங் சிஸ்டம்’ நடக்கும் அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரி விடுதிகளில் மாணவர்களே மெஸ் செயலரைத் தேர்ந்தெடுத்து, சந்தைக்குப் போய் வாங்கி, மாதச் செலவைத் தலைக்கு வகுத்துக்கொள்கிறார்கள். கணக்கு வெளிப்படையாக இருக்கும் இடத்தில் சாப்பாடும் தேறுகிறது என்பது அங்கே இருந்தவர்களின் அனுபவம்.

வெளிநாடுகளிலும் இதைச் சலுகையாக விட்டுவிடவில்லை. ஜெர்மனியின் மாணவர் உதவிச் சட்டம் 1971 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோர் வீட்டில் தங்காதவருக்கு மாதம் 380 யூரோ வாடகைப் பங்காகவே 2024 இலையுதிர்காலம் முதல் கணக்கிடப்படுகிறது. மியூனிக் போன்ற நகரில் அதற்கு அறை கிடைக்காது என்று அங்குள்ள மாணவர்கள் இன்றும் போராடுகிறார்கள். ஆனால் வாடகை என்ற தனித்தலைப்பு அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. பிரான்சில் உதவித்தொகை பெறும் மாணவருக்குப் பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு யூரோவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது.

வேண்டுவது என்ன

நமக்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு விரித்தபோது, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அறிவித்தது. விடுதிச் செலவு கல்விச் செலவே என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. பொறியியல் மாணவருக்குப் பொருந்தும் நியாயம், அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறும் தமிழும் வேதியியலும் படிக்கும் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும். மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து சேரும் இடம் அதுதான்.

ஆகவே சில கோரிக்கைகள். ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கை அறிவிப்பில் இடங்களின் எண்ணிக்கையோடு விடுதிப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும். விடுதி இல்லாத அரசுக் கல்லூரிகளில் சத்துணவின் தொடர்ச்சியாக மதிய உணவுக் கூடம் வேண்டும். விடுதி உணவுத் தொகையை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தானாக உயரும்படி இணைக்க வேண்டும். யாரோ ஒரு முதல்வர் மனமிரங்கும்வரை மாணவர் காத்திருக்கக்கூடாது. 2014 சட்டத்தின் வரம்பை ஆண் மாணவர் விடுதிகளுக்கும் விரிக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு ‘தோழி’ விடுதிகளைக் கட்டி நடத்திக்காட்டிய அரசு, அதே முறையில் பல கல்லூரிகளுக்குப் பொதுவான பெரிய மாணவர் விடுதிகளை நகரங்களில் கட்டலாம். ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும், மாற்று இடம் தராமல் ஒரு மாணவரை விடுதியைவிட்டு வெளியேற்றக்கூடாது. ஒவ்வொரு விடுதியிலும் மாணவர் தேர்ந்தெடுத்த குழு கணக்கைப் பார்க்க வேண்டும். வெளியேறும் குழு தன் குறைப்பதிவேட்டை அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. பாதியில் நின்றுபோகும் படிப்புக்கும் நாம் பணம் செலவழித்திருக்கிறோம் என்பதும் உண்மை. ஆசிரியரின் சம்பளம், வகுப்பறை, ஆய்வகம் எல்லாம் செலவாகிவிட்ட பிறகு, மாதம் சில ஆயிரம் ரூபாய் வாடகை இல்லாததால் ஒரு பெண் இரண்டாமாண்டில் ஊர் திரும்பினால் நட்டம் அவளுக்கு மட்டுமல்ல.

உங்கள் ஊர் அரசுக் கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பு அடுத்த ஆண்டு வெளிவரும்போது அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை இடம் என்று இருக்கும். எத்தனை படுக்கை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கல்லூரி முதல்வரிடம் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நூறு ஆண்டுக்கு முன் பந்தியில் சம இடம் கேட்ட மண் இது. அந்தப் பந்தியில் உட்கார இன்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இலை போடுவது நம் கடமை.